டிரெய்லர் ஃபிரிட்ஜுக்கு எத்தனை வாட் இன்வெர்ட்டர்? 2000-ஆ, 3000-ஆ?

#1 வெண்பொங்கல்78 (டல்லாஸ்)

வணக்கம். இன்வெர்ட்டர் விஷயத்துல விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவணும்.

போன வருஷம் ஒரு பழைய 25 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற நடமாடும் வீடு) வாங்கினோம், 2014 மாடல். அதோட வந்த கேஸ் ஃபிரிட்ஜ் இந்தக் கோடையில செத்துப்போச்சு. பின்பக்கக் கதவைத் திறந்தா மூக்கைத் துளைக்கிற அம்மோனியா நாத்தம், குழாய் மேல மஞ்சளா பொடி. அதே மாதிரி புதுசுக்கு விலை கேட்டதும் தலை சுத்திடுச்சு. அதனால வீட்டுக்கு வாங்குற சாதாரண ரெண்டு கதவு ஃபிரிட்ஜ், 10 கன அடி, டேப் வெச்சு அளந்து வாங்கி அந்தப் பொந்துக்குள்ள தள்ளிட்டேன்.

கரண்ட் இணைப்பு இருக்கிற கேம்ப்கிரவுண்டுல பிரச்சினை இல்லை. இல்லாத இடத்துக்குத்தான் இன்வெர்ட்டர். ஆபீஸ் நண்பர்கிட்ட 1500 வாட் ஒண்ணு இரவல் வாங்கி, போன வெள்ளிக்கிழமை வீட்டு டிரைவ்வேயிலேயே ஓட்டிப் பார்த்தேன். பேட்டரி, டிரெய்லரோட வந்த ரெண்டு லெட் ஆசிட் (குரூப் 27), ஃபுல் சார்ஜ். சாயங்காலம் 6 மணிக்கு ஆன் பண்ணினேன். ராத்திரி 2:40க்கு பீப் பீப்னு சத்தம். போய்ப் பார்த்தா சிவப்பு லைட். தானா ஆஃப் ஆகுது, தானா ஆன் ஆகுது, ஃபிரிட்ஜ் பின்னாடி 'டிக்'னு ஒரு சத்தம், மறுபடி ஆஃப். தூக்கக் கலக்கத்துல எல்லாத்தையும் அணைச்சுட்டு வந்து படுத்தவன் மறுநாள் மதியம் வரை அதை மறந்தே போயிட்டேன். செப்டம்பர் வெயில்ல நிக்கிற டிரெய்லர். டெஸ்டுக்குன்னு உள்ள வெச்சிருந்த இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கிட்டு கீழ்த்தட்டு வரைக்கும் வழிஞ்சிருக்கு. மனைவி இன்னும் அதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க.

1500 பத்தலைன்னு தெரியுது. தேங்க்ஸ்கிவிங்குக்கு பிக் பெண்ட் நேஷனல் பார்க் போறோம். அங்க ரியோ கிராண்டே வில்லேஜ் கேம்ப்கிரவுண்டுல நாங்க எடுத்த இடத்துல இணைப்பு கிடையாது. 2000 வாங்கலாமா, 3000க்கே போயிடலாமா? விலை வித்தியாசம் பெருசா இல்லை.

#2 செம்புக்கம்பி (ஹூஸ்டன்)

தம்பி, பர்ஸை உள்ள வைங்க. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. இன்வெர்ட்டர் எங்க இருந்தது, பேட்டரி எங்க இருந்தது, நடுவுல என்ன வயர், எத்தனை அடி?

1500 வாட் பத்தாதுன்னா சாயங்காலம் 6 மணிக்கே பத்தாம போயிருக்கும். எட்டரை மணி நேரத்துல கம்ப்ரஸர் எத்தனையோ தடவை நின்னு கிளம்பியிருக்கு. அத்தனையையும் தூக்கின இன்வெர்ட்டர் 2:40க்கு மட்டும் ஏன் மண்டி போட்டது?

#3 கோவை_ஊர்சுத்தி

எங்க வீட்டுல 900 விஏ இன்வெர்ட்டர்தானுங்க, 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு. ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், டிவி எல்லாம் ஓடுது. 3000 வாட்டுக்கு எதுக்குங்க போறீங்க? அதுவும் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜா பார்த்து வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்லீங்களே.

#4 வெண்பொங்கல்78

செம்புக்கம்பி அண்ணா, பேட்டரி ரெண்டும் முன்னாடி ஹிட்ச் (வண்டியோட மாட்டுற கொக்கிப் பகுதி) மேல பெட்டியில. இன்வெர்ட்டரை ஃபிரிட்ஜ் பக்கத்துல சோஃபாவுக்குக் கீழ வெச்சிருந்தேன். ஃபிரிட்ஜ் பிளக் எட்டணுமே. நடுவுல 6 கேஜ் வயர், 10 அடி இருக்கும். நல்லா தடியாத்தான் இருக்கு.

கோவை நண்பரே, இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்னா உள்ளயே இன்வெர்ட்டர் இருக்குமா? அப்போ பேட்டரியை நேரா கொடுத்திடலாமா?

#5 கோவை_ஊர்சுத்தி

அய்யோ, அப்படிக் கொடுத்துடாதீங்க! பேர்தான் ஒண்ணு, விஷயம் வேறங்க. இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்னா கம்ப்ரஸர் மோட்டாரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற போர்டு உள்ள இருக்கும். சாதாரண கம்ப்ரஸர் ஒரே உதையில கிளம்பும். இது மெல்ல வேகம் எடுக்கும், அதனால கிளம்புறப்போ பெரிய இழுப்பு இருக்காது. ஆனா வீட்டு கரண்ட்தான் கொடுக்கணும், பேட்டரியில நேரா ஓடாது.

நான் ஒரு டெம்போ டிராவலரை கேம்பர் வேனா மாத்தி வெச்சிருக்கேனுங்க. அதுல சிங்கிள் டோர், தானா பனி உருகாத டைப், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். ஊட்டி, வால்பாறை ஏத்தமெல்லாம் போயிட்டு வந்தாச்சு, ஒரு தடவைகூட நின்னதில்லை. பனியை மட்டும் வாரம் ஒரு தடவை நாமதான் உருக்கணும்.

#6 செம்புக்கம்பி

கோவைக்காரர் சொல்றது சரி. அங்க 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், இங்க 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், அதனால அங்க இருந்து எதையும் தூக்கிட்டு வந்துடாதீங்க. மத்தபடி அவர் சொன்ன அந்த 'உதை'யிலதான் உங்க விவகாரமே இருக்கு.

உங்க ஃபிரிட்ஜ் ஓடும்போது 90, 100 வாட்தான் எடுக்கும். கிளம்பும் அந்த அரை நொடிக்கு மட்டும் பத்து மடங்கு வரைக்கும் கேட்கும். 120 வோல்ட் பக்கம் அது பெரிய விஷயமில்லை. 12 வோல்ட் பக்கம் அதே வாட்டுக்குப் பத்து மடங்கு ஆம்பியர் ஓடணும். 1000 வாட்னா சுமார் 100 ஆம்பியர்.

மல்டிமீட்டர் இருக்கா? அதுல மின்-மேக்ஸ் (MIN/MAX) பட்டன் இருந்தா உத்தமம், குறைஞ்சபட்ச வோல்டேஜைப் பிடிச்சு வெச்சுக்கும். கண்ணால பார்த்துக்கிட்டிருந்தா அந்த அரை நொடி தப்பிடும். கம்ப்ரஸர் கிளம்பும்போது ரெண்டு இடத்துல அளந்து எழுதுங்க. ஒண்ணு பேட்டரி முனையில, இன்னொண்ணு இன்வெர்ட்டர் முனையில. பேட்டரி பாதி இறங்கினப்புறம் அளங்க, புதுசா சார்ஜ் பண்ணினதும் அளந்தா எல்லாமே அழகாத்தான் தெரியும்.

அப்புறம் அந்த 'டிக்'. கம்ப்ரஸர் நின்னா உள்ளே அழுத்தம் சமமாக மூணு, நாலு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள கரண்ட் திரும்ப வந்தா மோட்டார் சுத்த முடியாம முக்கும், அப்போ இழுப்பு இன்னும் மோசம். ஓவர்லோடு 'டிக்'னு வெட்டும். உங்க இன்வெர்ட்டர் ஆஃப் ஆனதும் பேட்டரி மூச்சு விட்டு வோல்டேஜ் ஏறுது, உடனே இன்வெர்ட்டர் ஆன் ஆகுது, ஃபிரிட்ஜ் முக்குது, மறுபடி விழுது. விடியற வரைக்கும் இதேதான் நடக்கும். நீங்க அணைச்சது நல்லதாப் போச்சு, இல்லைன்னா மாவோட கம்ப்ரஸரும் போயிருக்கும்.

#7 நாடோடி_ராணி (இப்போதைக்கு அரிசோனா)

நான் மூணு வருஷமா முழு நேரமும் வண்டியிலதான் இருக்கேன். குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், ஆனா இன்வெர்ட்டர் எதுக்கு? 12 வோல்ட்லயே ஓடுற கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் இருக்கே. நிறைய மாடல்ல டான்ஃபாஸ் கம்ப்ரஸர்தான் இருக்கும், இப்போ அது செகாப்ங்கிற பேர்ல வருது. ஓடும்போது 4லிருந்து 6 ஆம்பியர், அவ்வளவுதான். நடுவுல இன்வெர்ட்டர் நஷ்டம் இல்லை, உதை இல்லை, ராத்திரி பீப் இல்லை.

எதையாவது செய்ங்க, பழைய கேஸ் ஃபிரிட்ஜ் டைப்பை மட்டும் யாரும் இன்வெர்ட்டர்ல ஓட்டாதீங்க. அதுல கம்ப்ரஸரே கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கித்தான் குளிர் வருது. கரண்ட்ல போட்டா 300 வாட்டுக்கு மேல ஹீட்டர் கிட்டத்தட்ட நாள் பூரா எரியும். ஒரு தடவை கேஸ் தீர்ந்துபோய் நான் அப்படிப் போட்டேன், விடியறதுக்குள்ள பேட்டரி படுத்துடுச்சு.

(1922ல ஸ்டாக்ஹோம்ல பிளாட்டென், மன்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள் கண்டுபிடிச்ச ஐடியா அது. நூறு வருஷம் கழிச்சும் அதே குழாய்தான், வண்டி சாய்வா நின்னா குளிராத அதே வியாதிதான்.)

#8 வெண்பொங்கல்78

ராணி அக்கா, நியாயம்தான். ஆனா இந்த ஃபிரிட்ஜை வாங்கி, கதவு ஆடாம இருக்கக் கொக்கி போட்டு, பக்கத்துல மரச்சட்டம் அடிச்சு முடிச்சாச்சு. இனி கழட்டினா வீட்டுக்குள்ள எனக்கு இடம் இருக்காது.

#9 மேப்பிள்_மாமா (ஸ்காபரோ)

வணக்கம் தம்பி. எல்லாரும் வோல்டேஜைப் பற்றிக் கதைக்கினம், நான் வேறொரு விசயம் சொல்லுறன். நான் விட்ட பிழையை நீரும் விடக்கூடாது.

நான் முதல் இன்வெர்ட்டர் பூட்டேக்க, பிரிட்ஜுக்கு மட்டும் ஏன், முழு ட்ரெயிலருக்கும் கரண்ட் குடுப்பம் எண்டு, வெளியால வாற பெரிய பிளக்கை அப்படியே இன்வெர்ட்டரில செருகினனான். லைட் எரிஞ்சுது, பிளக் செருகுற துவாரம் எல்லாத்திலயும் கரண்ட், எனக்கு ஒரே புளுகம். பின்னேரம் பாத்தால் பற்றரி அடியில. ஏன் தெரியுமே? ட்ரெயிலருக்குள்ள இருக்கிற சார்ஜரும் அதே கரண்டில வேலை செய்யத் தொடங்கிட்டுது. பற்றரி இன்வெர்ட்டருக்குக் குடுக்க, இன்வெர்ட்டர் சார்ஜருக்குக் குடுக்க, சார்ஜர் திரும்பப் பற்றரிக்குக் குடுக்க, ஒவ்வொரு சுத்திலயும் நஷ்டம்.

அதால பிரிட்ஜுக்கெண்டு தனி வயர், தனி பிளக் போடும். கேம்ப்கிரவுண்டில கரண்ட் வந்தால் தானா மாறுறதுக்கு ட்ரான்ஸ்ஃபர் சுவிட்ச் ஒண்டு வேணும். இன்வெர்ட்டர்ர கரண்டும் வெளிக் கரண்டும் ஒரு வயரில ஒருநாளும் சந்திக்கக் கூடாது. சந்திச்சால் இன்வெர்ட்டர் புகைஞ்சுதான் நிக்கும்.

லித்தியம் வாங்குறதெண்டால் ஒண்டு கவனியும். உறைநிலைக்குக் கீழ அதைச் சார்ஜ் பண்ணக் கூடாது. எங்கட பக்கம் ஒக்டோபரிலயே அந்தப் பிரச்சினை வந்திடும். உங்கட டெக்சாஸிலயும் பாலைவன இரவு குளிரும். வெளியில ஹிட்ச்சில வைக்காம உள்ளுக்க வையும்.

#10 வெண்பொங்கல்78

அளந்துட்டேன்! மீட்டர்ல மின்-மேக்ஸ் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்.

பேட்டரி பாதி இறங்கினப்போ, கம்ப்ரஸர் கிளம்பும் முன்னாடி 12.1 வோல்ட். கிளம்பும்போது பேட்டரி முனையில 11.5. அதே மாதிரி இன்வெர்ட்டர் முனையில 10.4. இன்வெர்ட்டர் புத்தகத்துல 10.5க்கு வெட்டும்னு போட்டிருக்கு.

நடுவுல 1.1 வோல்ட் எங்க போச்சு அண்ணா?

#11 செம்புக்கம்பி

வயர்ல போச்சு தம்பி. கேஜ் நம்பர் குறையக் குறையத்தான் வயர் தடி. உங்க 6 கேஜ் வயருக்கு ஆயிரம் அடிக்கு 0.4 ஓம். உங்களுக்குப் போக 10, வர 10, மொத்தம் 20 அடி, அதாவது 0.008 ஓம். அந்த நொடியில 110 ஆம்பியர் ஓடினா 0.88 வோல்ட் வயரே தின்னுடும். மிச்சம் 0.2 லக்குலயும் (வயர் முனையில அமுக்கி மாட்டுற உலோக வளையம்) ஃபியூஸ் மாட்டுற இடத்துலயும். லக்கை எதுல அமுக்கினீங்க? சுத்தியலா?

இப்போ 3000 வாட் வாங்கி அதே வயர்ல மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. அதே 10.4 வோல்ட், அதே பீப்.

வயரைத் தடியாக்குறதுக்கு முன்னாடி குட்டையாக்குங்க. பேட்டரியிலிருந்து மூணு, நாலு அடிக்குள்ள இன்வெர்ட்டர். நீள வயர் போகவேண்டியது 120 வோல்ட் பக்கம். அங்க ஃபிரிட்ஜுக்கு ஓடும்போது ஒரு ஆம்பியர்தான், சாதாரண 14 கேஜ் வயர் வண்டியோட கடைசி வரைக்கும் போகும். நீங்க நேர்மாறா பண்ணியிருக்கீங்க, பத்துல எட்டு பேர் இப்படித்தான் பண்றாங்க. பிளக் எட்டணும்கிறதுக்காக இன்வெர்ட்டரை இழுத்துட்டுப் போவாங்க.

ஆனா லெட் ஆசிட் பெட்டிக்குள்ளயே இன்வெர்ட்டரை வைக்காதீங்க. ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

எத்தனை வாட்னு கேட்டீங்களே. ஃபிரிட்ஜ் மட்டும்னா 1000லிருந்து 1200 வாட், கிளம்புற நொடியில ரெண்டு மடங்கு இழுப்பு (சர்ஜ்) தாங்குற, கரண்ட் அலை வழவழன்னு வர்ற நல்ல ப்யூர் சைன். அதுக்கு மேல வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த மஞ்சள் எனர்ஜி ஸ்டிக்கரை எடுங்க. வருஷத்துக்கு 300 யூனிட் சுமார் இருக்கும். 365ஆல வகுத்தா நாளைக்கு 0.8 யூனிட். டிரெய்லர் சூட்டுக்கு 1ன்னே வெச்சுக்கலாம். இன்வெர்ட்டர் மாத்துற நஷ்டம் பத்து சதவீதம். இதுக்கு மேல ஒரு திருட்டு இருக்கு. ஃபிரிட்ஜ் ஓடினாலும் ஓடாட்டாலும், இன்வெர்ட்டர் சும்மா முழிச்சிருக்கவே கரண்ட் எடுக்கும். நல்ல 1200க்கு 10 வாட் சுமார், நாளைக்கு 0.24 யூனிட். மலிவான 3000க்கு 25, 30 வாட், நாளைக்கு 0.6லிருந்து 0.7 யூனிட். ஃபிரிட்ஜ் தின்னுறதுல பாதிக்கு மேல வெறும் காவலுக்குக் கூலி. பெட்டி மேல கொட்டை எழுத்துல 3000னு போடுவான், இதை மட்டும் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போடுவான். அங்க தேடிப் பார்த்து வாங்குங்க.

சர்ச் மோடு, ஈக்கோ மோடுன்னு ஒண்ணு இருக்கும். சும்மா இருக்கும்போது தூங்கி, லோடு வந்தா எழும். ஃபிரிட்ஜுக்கு அதை நம்பாதீங்க. ஃபிரிட்ஜோட குட்டி போர்டு இழுக்கிற கரண்டை அது லோடாவே மதிக்காது.

#12 வெண்பொங்கல்78

சுத்தியல்தான் அண்ணா :( எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

இரவல் இன்வெர்ட்டர்ல ஓடும்போது ஃபிரிட்ஜ்ல 'ம்ம்ம்'னு ஒரு முனகல் கேட்டது. வீட்டு பிளக்ல போட்டா இல்லை. அது ஏன்?

இன்னொண்ணு, மனைவி மைக்ரோவேவ் ஓடுமான்னு கேக்குறாங்க.

#13 செம்புக்கம்பி

அது மாடிஃபைட் சைன் இன்வெர்ட்டர், அதான் முனகல். கரண்ட் அலை வழவழன்னு இல்லாம படிக்கட்டு மாதிரி வரும். மோட்டார் ஓடும், ஆனா கூடுதலா சூடாகும். இப்போ வர்ற ஃபிரிட்ஜ்ல எலெக்ட்ரானிக் போர்டு வேற இருக்கு. நண்பருக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துடுங்க.

மைக்ரோவேவ்னா கணக்கே வேற. 1000 வாட் மைக்ரோவேவ் உள்ளே இழுக்கிறது 1500க்குப் பக்கத்துல. பேட்டரி பக்கம் 140 ஆம்பியர். அதுக்கு 2000 வாட் இன்வெர்ட்டர், ரொம்பத் தடியான 2/0 கேஜ் வயர், அந்த ஆம்பியரைத் தாங்குற பேட்டரி. ரெண்டு நிமிஷம் சோறு சூடு பண்ணவா இது? கேஸ் அடுப்பு இருக்குல்ல?

#14 நாடோடி_ராணி

மைக்ரோவேவ் விஷயத்துல நான் அவங்க மனைவி பக்கம். பாலைவனத்துல கோடையில அடுப்பு பத்தவெச்சா வண்டியே அடுப்பாயிடும். அப்படி வேணும்னா ரெண்டு இன்வெர்ட்டர் வெச்சுக்கலாம். பெருசை வேணும்போது மட்டும் ஆன் பண்றது, சின்னது எப்பவும் ஃபிரிட்ஜுக்கு. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

செம்புக்கம்பி, ஒண்ணு விட்டுட்டீங்க. தானா பனி உருகுற ஃபிரிட்ஜ்ல டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இருக்கு. நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை, 300லிருந்து 500 வாட், இருபது நிமிஷம் சொச்சம். 100 வாட் ஃபிரிட்ஜ்தானேன்னு 300 வாட் இன்வெர்ட்டர் வாங்கினவங்க அங்க மாட்டிக்குவாங்க.

#15 செம்புக்கம்பி

உண்மை, விட்டுட்டேன். 1200ல அடங்கிடும்.

பேட்டரியும் சொல்லிடறேன். உங்க ரெண்டு குரூப் 27 சேர்த்து புதுசா இருந்தப்போ 170, 180 ஏஹெச். பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போகும், அதனால கையில இருக்கிறது ஒரு யூனிட் சுமார். ஒரு நாள்கூட முழுசா வராது. 100 ஏஹெச் லித்தியம் ரெண்டு போட்டா 2.5 யூனிட், பெரும்பாலும் எல்லாத்தையும் எடுக்கலாம், வோல்டேஜும் கடைசி வரை 13 பக்கத்துலயே நிக்கும். ஒண்ணே ஒண்ணு வாங்கி மிச்சம் பிடிக்காதீங்க. பல பேட்டரியில உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற போர்டு) 100 ஆம்பியரோட நிறுத்திடும். ஃபியூஸ் கிளாஸ் T, 150 ஆம்பியர், பேட்டரி பாசிட்டிவை ஒட்டி. லித்தியம் ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்குல ஆம்பியர் கொட்டும், மலிவு ஃபியூஸ் அந்த நெருப்பை வெட்டாது. பழைய சார்ஜர் 13.6லயே நின்னுடும், லித்தியம் நிரம்பாது, அதையும் மாத்தணும்.

#16 வெண்பொங்கல்78

நேத்து ராத்திரி பிக் பெண்ட்ல இருந்து திரும்பியாச்சு. கேட்டவங்களுக்குக் கணக்கு ஒப்பிக்கணும்ல.

1200 வாட் ப்யூர் சைன், முன்பக்க ஸ்டோரேஜ்ல, ரெண்டு லித்தியம் பக்கத்துல. வயர் 1/0, நாலு அடிக்குக் கம்மி. லக்கை மட்டும் ஒரு வெல்டிங் கடையில கொடுத்து ஹைட்ராலிக்ல அமுக்கி வாங்கினேன். அங்க இருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் 14 கேஜ், நடுவுல ட்ரான்ஸ்ஃபர் சுவிட்ச். கம்ப்ரஸர் கிளம்பும்போது பேட்டரியில 13.0, இன்வெர்ட்டர் முனையில 12.9. அந்த 0.1ஐப் பார்த்துட்டு ரெண்டு தடவை திரும்பத் திரும்ப அளந்தேன், மீட்டர் கெட்டுப்போச்சோன்னு.

கூரையில 400 வாட் சோலார். நவம்பர் வெயிலுக்கு நாளைக்கு 1.1 யூனிட்தான் வந்தது. முதல் நாள் காலை பேட்டரி 64 சதவீதம், சாயங்காலம் 89, ரெண்டாம் நாள் காலை 53. ஃபிரிட்ஜைத் திட்டிக்கிட்டே மானிட்டரைப் பார்த்தா, குற்றவாளி ஹீட்டர் ஃபேன். ராத்திரி குளிருக்கு அது ஓடினது ஃபிரிட்ஜுக்குச் சரிசமமா எடுத்திருக்கு. அதை யாருமே சொல்லலையே!

மாவு மூணு நாளும் வெச்ச மட்டத்துலயே இருந்தது. கடைசி நாள் தோசைக்கு புளிப்பே பத்தலைன்னு புகார்.

ஒரே ஒரு தொந்தரவு. முன்பக்க ஸ்டோரேஜுக்கு நேர் மேலதான் எங்க படுக்கை. டிஃப்ராஸ்ட் ஓடும்போது இன்வெர்ட்டர் ஃபேன் 'உய்ங்'னு சுத்துது. மனைவி அதைத் திரும்ப சோஃபாவுக்குக் கீழ மாத்தச் சொல்றாங்க.

#17 செம்புக்கம்பி

மாத்தினீங்கன்னா நான் இந்த இழையில எழுதினதெல்லாம் வீண்.

இன்வெர்ட்டர் நாலு காலுக்கும் ரப்பர் வாஷர் போடுங்க, பலகை வழியா வர்ற அதிர்வு குறையும். காத்து போற பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, மேல் பலகையில ஃபோம் ஒட்டுங்க. ஃபேனை மூடிடாதீங்க.

#18 மேப்பிள்_மாமா

தம்பி, எங்கட வீட்டிலயும் இதே சத்தம்தான். ரப்பர் போட்டுப் பாத்தம், சரிவரேல்ல. கடைசியில மனுசி தலகாணியைக் கால்மாட்டுக்கு மாத்திப் படுத்தவ.

#19 வெண்பொங்கல்78

மாமா, ரப்பர் வாஷர் வாங்கியாச்சு. தலகாணி யோசனையையும் மெதுவா சொல்லிப் பார்த்தேன். யார் தலகாணின்னு கேட்டாங்க.